படுக்கையறைக் கதவு திறந்த பிறகு

எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை அலமாரியில் பார்க்க முடியாது. கல்லாவுக்குப் பின்னால், கடைக்காரர் கைநீட்டினால் எட்டும் இடத்தில் அடுக்கியிருப்பார். அட்டை விலையில் 10 சதவீதம் வாடகை, ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். எண்பதுகளின் நடுவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், புத்தகம் வீடு வந்து சேருமுன்பே அதற்கு நாளிதழ்த் தாளில் அட்டை போட்டுவிடுவேன். வேதியியல் புத்தகத்துக்கும் அதே தாள்தான் அட்டை. மேசையில் இரண்டும் ஒன்றுபோலக் கிடக்கும். கதைக்குள் காதலர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லத் தொடங்குவதற்குள் வாசகி தன் அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருப்பாள்.

தாளுக்குள் ஒளிந்திருந்த அட்டைப்படமும் உண்மை பேசியதில்லை. தூரிகையால் தீட்டிய ஆணும் பெண்ணும் மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நூறு பக்கம் தாண்டியும் ஒரே ஒரு முத்தம்தான் நடந்திருக்கும், அதுவும் கோபத்தில். இன்று என் அண்ணன் மகள் வாங்கும் காதல் நாவல்களின் அட்டை பளிச்சென்ற இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் சிரிக்கிறது. கேலிச்சித்திரம் போல இரண்டு உருவங்கள், பக்கத்தில் ஒரு காபிக் கோப்பையோ பூனையோ. சிறுவர் புத்தகம் என்று நினைத்துத்தான் முதலில் கையில் எடுத்தேன். உள்ளே ஒரு படுக்கையறைக் காட்சி பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் போகிறது. அன்றைய அட்டை இல்லாததைக் காட்டி விற்றது. இன்றைய அட்டை இருப்பதை மறைத்து விற்கிறது.

1908இல் லண்டனில் ஜெரால்ட் மில்ஸும் சார்லஸ் பூனும் தொடங்கிய பதிப்பகம் மில்ஸ் அண்ட் பூன். ஆரம்பத்தில் எல்லா வகை நூல்களையும் வெளியிட்டது; ஜாக் லண்டனின் கதைகள்கூட அதன் பட்டியலில் உண்டு. 1930களில் காதல் நாவல் ஒன்றே போதும் என்று அது திரும்பியபோது, அது நம்பியிருந்தது விலை கொடுத்து வாங்குகிறவர்களை அல்ல, வாடகைக்கு எடுத்துப் படிக்கிறவர்களை. அங்கே பூட்ஸ் மருந்துக்கடைகள்கூடத் தங்கள் கிளைகளில் வாடகை நூலகம் நடத்தின. 1966இல் அதை மூடினார்கள். 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம் மில்ஸ் அண்ட் பூனையே வாங்கிக்கொண்டது. லண்டனில் மறைந்த வாடகைப் பழக்கம் நம்மூர்த் தெருக்களில் இன்னும் சில பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது.

புத்தகத்தின் அளவு மாறாது, ஏறக்குறைய 190 பக்கம். அதற்குள் ஒரு பொய் பிறந்து, வளர்ந்து, உடைந்தாக வேண்டும். நாயகி இருபதைத் தாண்டியோ தாண்டாமலோ இருப்பாள். செவிலி, செயலாளர், அல்லது பெரிய வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். நாயகனுக்கு முப்பத்தைந்து, தலைமை மருத்துவர், கிரேக்கக் கப்பல் முதலாளி, ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர். கதவுக்கு வெளியே நின்று அவள் பாதிப் பேச்சைக் கேட்பாள். நகத்துக்குச் சாயம் பூசிய ஒருத்தி வந்து, "எங்களுக்கு நிச்சயமாகி ஆறு மாதமாகிறது" என்பாள். இவள் அதை அப்படியே நம்புவாள். இவள் பணத்துக்காக வந்தவள் என்று அவன் நம்புவான். பாட்டனாரின் உயிலில் ஒரு நிபந்தனை இருக்கும், அதற்காக அவசரக் கல்யாணம் நடக்கும், காரணம் மட்டும் அவளுக்குத் தெரியாது. இருவருக்கும் காதல் இருக்கும். இருவரும் இல்லை என்றே நடப்பார்கள்.

யாராவது ஒருவர் நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் 20ஆம் பக்கத்தில் கதை முடிந்திருக்குமே என்று நானும் என் தோழியும் அலுத்துக்கொண்டதுண்டு. கேட்க முடியாததற்குக் காரணம் இருந்தது என்பது வயதான பிறகுதான் உறைத்தது. அவன் அவளுடைய முதலாளி. "உங்களை விரும்புகிறேன்" என்று அவள் சொல்லி அவன் மறுத்தால், காதலோடு வேலையும் போகும், தங்கியிருக்கும் அறையும் போகும். தவிர, முதலில் வாய்திறக்கிற பெண் மலிவானவள் என்று அந்த உலகம் நினைத்தது. எழுதியவரும் நினைத்தார், படித்த நாங்களும் நினைத்தோம். தன் மனத்தை மறைத்துவைப்பது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த சொத்து. அதைப் பொய் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மானம் என்று வைத்தார்கள்.

அவனுடைய பொய்க்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை. அந்த நாவல்கள் பெரும்பாலும் அவளுடைய பார்வையில் மட்டுமே நகரும். அவன் மனத்துக்குள் நமக்கு நுழைவு கிடையாது. இறுகிய தாடை, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பும் முகம், வலிக்கும்படி பற்றும் கை, இவற்றைக் கொண்டே அவனைப் படிக்க வேண்டும். 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி ஒரு நூல் எழுதினார். நாயகனின் கடுமையைத் திரும்பிப் பார்த்து, அது மறைந்திருந்த அன்புதான் என்று வேறு பொருள் கொள்ள இந்தக் கதைகள் வாசகியைப் பழக்குகின்றன என்பது அவர் கண்டதில் முக்கியமானது. அன்றைய நாயகனின் பெரிய பொய் எது என்றால், அன்பே இல்லை என்று காட்டிக்கொண்டது. கடைசி ஐந்து பக்கத்தில், "பார்த்த முதல் நாளிலிருந்தே" என்று தொடங்கி அவன் ஒரு நீண்ட விளக்கம் கொடுப்பான். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும். மன்னிப்புக் கேட்டானா என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

அதற்கும் முன்பு நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் ரோசெஸ்டர் தன் முதல் மனைவியை மாடியில் பூட்டிவைத்துவிட்டு ஜேனை மணக்க வருகிறார். தேவாலயத்திலேயே பொய் உடைகிறது. ஜேன் விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுகிறாள். அவர் பார்வையையும் ஒரு கையையும் இழந்த பிறகுதான் திரும்பி வருகிறாள். ஒரு பொய்க்கு அவ்வளவு விலை. 1919இல் வந்து பரபரப்பாக விற்ற இ. எம். ஹல்லின் 'தி ஷேக்' நாவலில் நேர்மாறு. பாலைவனத் தலைவன் ஒருவன் ஓர் ஆங்கிலப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறான். கடைசியில் அவன் அரபியே அல்ல, ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகன் என்று தெரிகிறது. இங்கே மறைந்திருந்த அடையாளம் குற்றமாகவே வரவில்லை, பரிசாக வருகிறது. வெள்ளைக்காரப் பெண் அரபியைக் காதலித்துவிட்டாளே என்று அன்றைய வாசகர்களுக்கு இருந்திருக்கக்கூடிய உறுத்தலை அது துடைத்துவிடுகிறது. கடத்தப்பட்டவளே கடைசியில் அவனோடு இருக்க விரும்புகிறாள். மில்ஸ் அண்ட் பூனின் கிரேக்க முதலாளிகளுக்கு முன்னோடி ரோசெஸ்டர் அல்ல, இவன்தான் என்பது என் கணிப்பு.

படுக்கையறைக் கதவு திறந்தது எழுபதுகளில். 1972இல் அமெரிக்காவின் ஏவன் பதிப்பகம் கேத்லீன் வுடிவிஸ்ஸின் 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' நாவலை நேரடியாக மலிவுப் பதிப்பில் கொண்டுவந்தது. வரலாற்றுக் கதைதான், ஆனால் அதில் படுக்கையறைக்கு வெளியே வாசகி நிறுத்தப்படவில்லை. அந்தப் படுக்கையில் நாயகியின் சம்மதமும் இல்லை என்பதை இன்று படிக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருக்கிறது. 1973இல் ஹார்லெக்வின் 'பிரசண்ட்ஸ்' வரிசை வந்தது, 1980இல் டெல் நிறுவனத்தின் 'கேண்டில்லைட் எக்ஸ்டசி', 1982இல் 'சில்ஹவுட் டிசையர்'. சமகாலக் கதைகளில், வேலை பார்க்கும் பெண்கள், கல்யாணத்துக்கு முன்பே காதலனோடு படுத்தெழுந்தார்கள். பத்தே ஆண்டுகளில் நடந்த மாற்றம்.

இந்த மாற்றம் பொய்யை என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். பழைய கதையில் ஆசையே ரகசியம். தொடலாமா கூடாதா என்ற தவிப்பு 190 பக்கத்தையும் இழுத்துச் செல்லப் போதுமானது. எட்டாவது அத்தியாயத்திலேயே எல்லாம் நடந்துவிட்டால் மீதிப் பக்கங்களை எது தாங்கும்? உடம்பில் மறைக்க எதுவும் மிச்சமில்லாதபோது வேறெதையாவது மறைத்தாக வேண்டும். அதுவரை நாணம் செய்துவந்த வேலை பொய்யின் தலையில் விழுந்தது. படுக்கையறைக் கதவு திறந்த வீட்டில் வேறொரு அறையைப் பூட்ட வேண்டியதாயிற்று.

முதலில் பூட்டியது குழந்தையை வைத்து. பிரிந்துபோன காதலனுக்குத் தெரியாமல் அவள் அவன் குழந்தையை வளர்ப்பாள். ஐந்து வருடம் கழித்து அவன் தன் கண்களையே கொண்ட ஒரு சிறுவனைப் பார்ப்பான். இந்தக் கதை எண்பதுகளில் நன்றாகவே ஓடியது, ஏனென்றால் கல்யாணமாகாத தாய் என்ற அவமானம் அன்று மறைக்கப் போதுமான காரணம். இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அவமானம் வற்றிப்போனதால் எழுத்தாளர் படாதபாடு படுகிறார். அவன் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டான், அவள் அனுப்பிய செய்தியை அவன் உதவியாளர் அழித்துவிட்டார் என்றெல்லாம் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகும் காலத்தில் தொலைந்த கடிதம் செல்லாது. இப்போது வில்லியின் வேலையைக் கட்டில் பக்கத்தில் சட்டென்று ஒளிரும் கைப்பேசித் திரை செய்கிறது.

2011இல் வந்து, மூன்று பாகங்களும் சேர்ந்து 2014க்குள் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டிய 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' ஒரு விசித்திரமான இடைநிலை. இ. எல். ஜேம்ஸின் நாயகன் காதலியிடம் முதலில் நீட்டுவது ரகசியக் காப்பு ஒப்பந்தம். அடுத்து இன்னொரு ஒப்பந்தம்: என்ன செய்யலாம், எது கூடாது, அவள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும், எல்லாம் பிரிவு வாரியாக. உடம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையான காகிதம் காதல் நாவலில் அதற்குமுன் இந்த அளவுக்குப் பிரபலமானதில்லை. ஆனால் அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்கு அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அதை அறிய அவளுக்கு மூன்று பாகம் தேவைப்படுகிறது. கார், விமானம், ஒப்பந்தம் என்று சாமான்கள்தாம் புதிது. அவன் அந்தப் பழைய கப்பல் முதலாளியேதான்.

உண்மையான மாற்றத்தை நான் கண்டது 2018இல் வந்த ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' நாவலில். ஸ்டெல்லா பொருளியல் கணக்கீட்டு நிபுணர், நிறையச் சம்பாதிப்பவள். மைக்கேல் பணத்துக்காகப் பெண்களோடு பழகுகிறவன். நெருக்கத்தைக் கற்றுத் தரும்படி அவனை அவள் அமர்த்திக்கொள்கிறாள். தனக்கு ஆட்டிசம் இருப்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக் கடனுக்காக இந்தத் தொழிலுக்கு வந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. பழைய செயலாளர்ப் பெண் வேலை போய்விடும் என்று மறைத்தாள். ஸ்டெல்லாவின் வேலையை யாரும் பறிக்க முடியாது. தெரிந்தால் தன்னை வேறு மாதிரிப் பார்ப்பான் என்பதுதான் அவள் பயம். எழுதியவரே வயதுவந்த பிறகுதான் தனக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்தவர் என்பதால் அந்தப் பயத்தில் ஜோடனை இல்லை. பொய்யின் காரணம் சம்பளப் பட்டியலிலிருந்து மனத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இந்த நாவல் அவள் பக்கமும் அவன் பக்கமும் மாறி மாறி நின்று பேசுகிறது. இன்று வரும் சூடான காதல் நாவல்களில் பெரும்பங்கு அப்படித்தான். ஓர் அத்தியாயம் அவள் வாயால், அடுத்தது அவன் வாயால். இரண்டு ரகசியமும் வாசகிக்குத் தெரியும். அவன் என்ன மறைக்கிறான் என்று நாங்கள் தவித்தோம். எப்போது சொல்லித் தொலைப்பான் என்று இவர்கள் தவிக்கிறார்கள். நாங்கள் நாயகியோடு சேர்ந்து ஏமாந்தோம். இவர்கள் ஏமாறுகிறவளை மேலிருந்து பார்க்கிறார்கள்.

எல்லாரும் இந்த வழியில் போய்விடவில்லை. 2021இல் அலி ஹேசல்வுட் எழுதிப் பெரும் புகழ்பெற்ற 'தி லவ் ஹைபாதசிஸ்' அவள் பக்கமே நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவியான ஆலிவ், தோழியை ஒரு குற்ற உணர்விலிருந்து விடுவிக்க, கண்ணில் பட்ட ஆணை முத்தமிடுகிறாள். அவர் எல்லாரும் அஞ்சும் பேராசிரியர் ஆடம். இருவரும் காதலர்களாக நடிக்கச் சம்மதிக்கிறார்கள். உண்மையிலேயே அவர்மேல் காதல் வந்த பிறகு, தான் விரும்புவது வேறொருவனை என்று அவரை நம்பவைக்கிறாள். அவருடைய நண்பன் தன்னிடம் கேவலமாக நடந்துகொண்டதையும் உடனே சொல்லாமல் விழுங்குகிறாள். அவரும் சளைத்தவரல்ல. சில வருடம் முன்பு ஒரு கழிவறையில், கண்ணில் லென்ஸ் உறுத்தி எதுவும் தெரியாமல் நின்ற அவளோடு பேசியவர் தான்தான் என்பதையும், அவளை அன்றே மறக்க முடியாமல் போனதையும் அவர் சொல்வதில்லை. "பார்த்த முதல் நாளிலிருந்தே" என்ற அந்தப் பழைய விளக்கம் ஆய்வகத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அந்த நாவலைப் படித்தபோது எனக்கு வாடகை நூலகத்தின் தாள் வாசனை வந்தது.

இன்றைய வாசகிகள் கேட்கும் ஒரு கேள்வியை நாங்கள் கேட்டதே இல்லை. பெயரையோ நோக்கத்தையோ மறைத்துக்கொண்டு ஒருவன் அவளோடு படுத்தால், அவள் கொடுத்த சம்மதம் யாருக்குக் கொடுத்தது? பழிவாங்க வந்தவன், உயிலுக்காக வந்தவன், வேறு பெயரில் வந்தவன் என்று எங்கள் நாயகர்கள் எல்லாரையும் இந்தக் கேள்வியின் முன் நிறுத்தலாம், ஒருவர்கூடத் தேறமாட்டார். இன்று தேர்ந்த எழுத்தாளர் கட்டிலையும் பொய்யையும் எந்த வரிசையில் வைக்கிறார் என்பதைக் கவனித்தால் அந்தக் கூச்சம் தெரியும். அடையாளப் பொய் என்றால் முதல் இரவுக்கு முன்பே உடைத்துவிடுகிறார். கட்டிலுக்குப் பிறகும் நீடிக்க அனுமதிப்பது, நான் உன்னை இவ்வளவு விரும்புகிறேன் என்று சொல்லாமல் விடும் பொய்யை மட்டும். படுக்கையில் 'இது சரியா, இன்னும் வேண்டுமா' என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் படிவம் நிரப்புவது போலிருந்தது, பழகிய பிறகு உறுத்தவில்லை. உடம்பைப் பற்றி இத்தனை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளும் இருவர், நாளைக்கு நான் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறேன் என்பதைச் சொல்லாமல் தூங்கிப்போவதுதான் இன்றைய கதையின் சூடு.

பொய் உடையும் இடமும் நகர்ந்துவிட்டது. அன்று 185ஆம் பக்கம். இன்று 350 பக்க நாவலில் முக்கால் பங்கு தாண்டும்போது உடைகிறது. பிரிகிறார்கள், ஐம்பது பக்கம் அழுகிறார்கள், மனநல ஆலோசகரிடம் போகிறார்கள், அவன் திரும்பி வந்து, செய்த தவறைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அந்த மன்னிப்பு எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதில் வாசகிகள் கறாராக இருக்கிறார்கள். கடைசி ஐந்து பக்க விளக்கத்தை வாங்கிக்கொண்டு எங்கள் நாயகிகள் கண்ணைத் துடைத்ததை நினைத்தால் எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் போனது ஒன்று உண்டு. பழைய நாவலை முடித்ததும் நான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவேன். அன்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பியது ஏன், காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தது ஏன் என்று தெரிந்துகொண்டு படிக்கும் இரண்டாவது வாசிப்பில் அதே 190 பக்கம் வேறு கதையாகிவிடும். பத்து சதவீத வாடகைக்கு இரண்டு நாவல். இருவர் மனமும் திறந்து கிடக்கும் கதையில் அந்த இரண்டாவது நாவல் இல்லை. மேலும், சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் இன்று பொய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பழைய கதையில் கொடுமையை மறைக்கும் மௌனமும் இருந்தது, கூச்சத்தால் வந்த மௌனமும் இருந்தது. முன்னதை ஒழித்த கையோடு பின்னதையும் சேர்த்துத் துடைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் நடைபாதைக் கடையில் ஒரு பழைய மில்ஸ் அண்ட் பூன் கிடைத்தது. முதல் பக்கத்தில் திருப்பித் தரும் தேதிகளின் ஊதா முத்திரை வரிசையாக இருந்தது. அண்ணன் மகளிடம் கொடுத்தேன். அவள் சோபாவில் குப்புறப் படுத்து, அட்டையை மறைக்காமல், அவள் அப்பா எதிரில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போதே படித்துக்கொண்டிருந்தாள். அறுபது பக்கம் போனதும் நிமிர்ந்தாள்.

"அத்தை, இவன் மனசுல என்ன இருக்குன்னு எந்த சாப்டர்ல வரும்?"

"வராது."

"வரவே வராதா? அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அவன் முதன்முதலில் வந்த இடத்தைத் தேட ஆரம்பித்தாள்.